ஸ்கோப்பைத் திருகாதீங்க, நடங்க!

டிஸ்கி: வேட்டை, துப்பாக்கின்னாலே அலர்ஜி உள்ளவங்க இந்தப் பதிவை அப்படியே தாண்டிப் போயிடலாம். வேட்டையாடறது சரியா தப்பாங்கற பஞ்சாயத்து இங்கே இல்லை. இந்தியாவில் 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்து அந்தக் கதைக்குக் கடிவாளம் போட்டாச்சு, நல்லதுதான். நான் பேசப்போறது லைசென்ஸ் வாங்கி, சீசன்ல, சட்டப்படி வேட்டைக்குப் போகிற அமெரிக்க மேற்கு மாநிலங்களைப் பத்தி.

போன வாரம் டென்வர்ல இருக்கற நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். புதுசா வேட்டை கத்துக்கறார். ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடிச்சு கார்டும் வாங்கியாச்சு. ".308 ரைஃபிள் வாங்கிட்டேன் பாஸ், ஸ்கோப்தான் பாக்கி. கடைக்காரர் 6-24 எக்ஸ் எடுங்கறார். இன்னும் கொஞ்சம் காசு போட்டா 5-25 எக்ஸ் வருதாம். எதை எடுக்கட்டும்?"

"3-9 எடுங்க"ன்னேன்.

அந்தப் பக்கம் அஞ்சு செகண்ட் மௌனம். "என்ன பாஸ், அது தாத்தா காலத்து ஸ்கோப் இல்லையா? நான் லாங் ரேஞ்ச் போகலாம்னு இருக்கேன்."

இந்த லாங் ரேஞ்ச்ங்கற வார்த்தையைக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்கும். ஏன்னு கீழே சொல்றேன். போன்ல பாதி சொல்லி, பாதியை முழுங்கி, கடைசியில "சரி, பதிவாவே போட்டுடறேன்"னு வெச்சுட்டேன். அதான் இது.

தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு சின்ன பாடம். ஸ்கோப் மேல 3-9 எக்ஸ் 40-ன்னு போட்டிருந்தா, 3 மடங்குலேர்ந்து 9 மடங்கு வரைக்கும் பெரிசாக்கிக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியோட விட்டம் 40 மில்லிமீட்டர்னு அர்த்தம். அவ்வளவுதான் விஷயம். டிஜிட்டல் கேமரா வாங்கப்போய் மெகாபிக்சலை மட்டும் பார்த்து ஏமாந்தோமே, ஞாபகம் இருக்கா? அதே வியாதிதான் இங்கேயும். பெட்டி மேல இருக்கற பெரிய நம்பரைப் பார்த்து பர்ஸைத் திறக்கறது.

இப்போ ஒரு மூணாங்கிளாஸ் வகுத்தல் கணக்கு. 300 கஜத்துல ஒரு மான் நிக்குது. 10 எக்ஸ்ல பார்த்தா, வெறுங்கண்ணுக்கு 30 கஜத்துல நிக்கற மாதிரி தெரியும். 6 எக்ஸ்ல பார்த்தா 50 கஜம். நீங்களே சொல்லுங்க, எதிர்வீட்டு வாசல்ல நிக்கற மாட்டோட முன்னங்கால் எங்கே, வயிறு எங்கேன்னு உங்களுக்குத் தெரியாதா? மானோட நெஞ்சுப் பகுதி, அதாவது குண்டு பட வேண்டிய இடம், கிட்டத்தட்ட ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. 8 இன்ச்லேர்ந்து 10 இன்ச். அதைப் பார்க்கறதுக்கு 24 எக்ஸ் எதுக்கு? கண் இமையில எத்தனை முடின்னு எண்ணவா?

"பெரிசாத் தெரிஞ்சா தப்பில்லையே, நல்லாத்தானே குறி வைக்கலாம்?"ம்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுக்கு நான் கொடுத்த விலையைச் சொல்றேன்.

*

2011 அக்டோபர். கிழக்கு வயோமிங். ப்ராங்ஹார்ன் வேட்டை. அமெரிக்கர்கள் இதை ஆன்ட்டிலோப்ம்பாங்க, ஆனா அசல் ஆன்ட்டிலோப் இனம் இல்லை. கோடியக்கரையில வெளிமான் பார்த்திருப்பீங்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிசு, பின்பக்கம் பளிச்சுன்னு வெள்ளை. மிரண்டா அந்த வெள்ளை முடியை விரிச்சுக்கிட்டு ஓடும். மணிக்கு 50 மைலுக்கு மேல ஓடக்கூடியது. வட அமெரிக்காவுல தரையில இதை மிஞ்சி ஓடற மிருகம் கிடையாது. கண்பார்வையும் அபாரம். மரமே இல்லாத புல்வெளி, அங்கங்கே சேஜ் புதர். தூரத்துலேர்ந்தே நம்மளைப் பார்த்துடும்.

என்கிட்டே புத்தம்புது 6-24 எக்ஸ் ஸ்கோப். ரேஞ்ச்ல காகிதத்தைச் சுட்டு, ஓட்டை மேல ஓட்டை போட்டு, என்னை நானே பெரிய கொம்பன்னு நினைச்சுக்கிட்டிருந்த நேரம். கூட வந்தவர் எழுபது வயசு தாண்டின பெரியவர். அவர் ரைஃபிள் மேல பெயிண்ட் தேய்ஞ்ச ஒரு 6 எக்ஸ். ஜூமே கிடையாது, ஃபிக்ஸட். மனசுக்குள்ள சிரிச்சேன், பொய் சொல்லலை.

காலை பத்தரை மணி. பதினஞ்சு உருப்படி இருக்கும், கூட்டமா மேய்ஞ்சுக்கிட்டிருந்தது. ரேஞ்ச்ஃபைண்டர்ல 340 கஜம். பெரியவர் இடது பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு வறண்ட ஓடை. அதுல இறங்கி குனிஞ்சு நடந்தா 150 கஜத்துக்குள்ளே போயிடலாம், இருபது நிமிஷ வேலைன்னார்.

நான் தலையை ஆட்டிட்டு அங்கேயே படுத்தேன். எதுக்கு நடக்கணும்? 24 எக்ஸ் இருக்கே!

திருகினேன், கடைசி வரைக்கும். மான் ஸ்கோப் முழுக்க நிறைஞ்சுது. வெயில் ஏறிட்டதால தரையிலேர்ந்து கானல் கிளம்பி படம் தண்ணிக்குள்ளே பார்க்கற மாதிரி நெளிஞ்சுது. என் இதயம் அடிக்கறதுக்கு ஏத்த மாதிரி குறுக்குக் கோடும் எகிறி எகிறி விழுந்தது. கோடு தோளைத் தாண்டறப்போ சடார்னு இழுத்துட்டேன்.

துப்பாக்கி உதைச்சுது. அப்புறம் ஸ்கோப்ல பார்த்தா... புல். வெறும் புல். மானைக் காணோம், கூட்டத்தையே காணோம். பதறிப்போய் ஜூமைக் குறைச்சு, தேடி, கண்டுபிடிச்சா பதினஞ்சு வெள்ளைப் பின்பக்கமும் புழுதியைக் கிளப்பிக்கிட்டு ஓடுது. நான் சுட்டது எது? பட்டுதா, படலையா? தெரியாது. பெரியவர் மட்டும் 6 எக்ஸ்ல பார்த்துக்கிட்டே இருந்தார். பட்டுருச்சு, ரொம்பப் பின்னால பட்டுருச்சுன்னார்.

சேஜ் புதர்ல ரத்தம் பார்த்தோம். இருட்டற வரைக்கும் தேடினோம். மறுநாள் விடிஞ்சதும் தேடினோம். அண்டங்காக்கா வட்டமிட்டதால கண்டுபிடிச்சோம். ராத்திரியே கயோட்டி தின்னு முடிச்சிருந்தது. வயித்துல குண்டு வாங்கிக்கிட்டு ஒரு மைலுக்கு மேல ஓடி, எத்தனை மணி நேரம் கிடந்து செத்துதோ.

பெரியவர் திட்டலை. என் டேக் அதுக்கே போச்சு, இந்த வருஷம் என் வேட்டை முடிஞ்சுதுன்னு மட்டும் சொன்னார். எனக்கும் வேற நியாயம் தெரியலை. வீட்டுக்கு ஒரு கிலோ கறி வரலை. கார்ல வர்றப்போ ரெண்டு பேரும் பேசிக்கலை.

*

இப்போ அந்தச் சுடலை மட்டும் வெச்சுக்கிட்டு, 24 எக்ஸ் என்னென்ன பண்ணுதுன்னு பிரிச்சுப் பார்ப்போம்.

ஒண்ணு, பார்வை வட்டம். 24 எக்ஸ்ல 100 கஜத்துக்கு நாலரை அடி அகலம்தான் தெரியும். 340 கஜத்துல 15 அடி. அதே இடத்துல 6 எக்ஸ்னா கிட்டத்தட்ட 60 அடி. மணிக்கு 50 மைல்ங்கறது செகண்டுக்கு 73 அடி. உதை வாங்கி கண்ணை மறுபடி ஸ்கோப்ல வெக்கறதுக்குள்ளே 15 அடி வட்டத்தை விட்டு அது போயாச்சு. சுட்டதுக்கப்புறம் என்ன நடந்ததுன்னு பார்க்கறதுதான் வேட்டைக்காரனோட பாதி வேலை. எங்கே பட்டது, எந்தப் பக்கம் ஓடுது, ரெண்டாவது குண்டு வேணுமா... இது எதுவும் தெரியாதவன் கண்ணைக் கட்டிக்கிட்டுச் சுட்டவன்தான்.

ரெண்டு, ஆட்டம். ஜூம் பண்ணினா கை அதிகமா ஆடாது, ஆடறது அதிகமாத் தெரியும். துப்பாக்கி ஆடற ஆட்டம் 6 எக்ஸ்லயும் 24 எக்ஸ்லயும் ஒண்ணுதான். ஆனா அதை நாலு மடங்கு பெரிசாப் பார்த்தா மனசு பதறும். கோடு சரியான இடத்துக்கு வர்ற நொடியில ட்ரிக்கரைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுப்போம். குண்டு எங்கேயோ போகும்.

மூணு, கானல். வெயில் நேரத்துல தரைக்கு மேல காத்து கொதிக்கறதை ஸ்கோப் வடிகட்டாது, பெரிசாக்கித்தான் காட்டும். மதியம் 12 எக்ஸுக்கு மேல போனா மான் நிக்கற இடம் ஒண்ணு, தெரியற இடம் ஒண்ணு.

நாலு, வெளிச்சம். முன்கண்ணாடி விட்டத்தை ஜூமால வகுத்தா, கண்ணுக்கு வந்து சேர்ற ஒளிக்கற்றையோட விட்டம் கிடைக்கும். 50 மில்லிமீட்டர் கண்ணாடி, 25 எக்ஸ்: வெறும் 2 மில்லிமீட்டர். அதே கண்ணாடியில 10 எக்ஸ்: 5. மான்கள் நடமாடறது விடியக்காலையும் அந்தி நேரமும். அப்போ நம்ம கண்மணி 5, 6 மில்லிமீட்டர் வரைக்கும் விரிஞ்சிருக்கும். அதுக்கு 2 மில்லிமீட்டர் வெளிச்சம் கொடுத்தா, அண்டா நிறைய சோறு இருந்தும் கரண்டியில எடுக்காம ஸ்பூன்ல எடுத்த கதைதான்.

அஞ்சாவதுதான் முக்கியம். காத்து. இதை எந்த ஜூமும் படிச்சுச் சொல்லாது. .308-ல 168 கிரெய்ன் குண்டுன்னு வெச்சுக்குங்க. 340 கஜத்துல, பக்கவாட்டுல 10 மைல் வேகக் காத்து அடிச்சா, குண்டை சுமார் 10 இன்ச் தள்ளும். நான் அன்னைக்கு காத்தை 5 மைல்னு கணக்குப் போட்டேன், அடிச்சது அதுக்கு மேலே. வித்தியாசம் அஞ்சாறு இன்ச். தோளுக்கும் வயித்துக்கும் இருக்கற தூரமே அவ்வளவுதான்! நான் அந்த மானோட ஒவ்வொரு முடியையும் பார்த்தேன். எனக்கும் அதுக்கும் நடுவுல இருந்த 340 கஜக் காத்தைப் பார்க்கலை.

இதையே 600 கஜத்துக்கு நீட்டிப் பாருங்க. அதே 10 மைல் காத்து ரெண்டரை அடிக்கு மேல தள்ளும். 2 மைல் தப்பாக் கணிச்சாலே ஆறு இன்ச் போச்சு. 100 கஜத்துக்கு ஸீரோ பண்ணின ரைஃபிள்னா குண்டு எட்டு அடிக்கு மேல கீழே இறங்கியிருக்கும். போய்ச் சேரவே முக்கால் செகண்டுக்கு மேல ஆகும். நீங்க விரலை அழுத்தினதுக்கப்புறம் மான் ஒரு அடி எடுத்து வெக்க அந்த நேரம் தாராளம். அப்போ குறி பெர்ஃபெக்டா இருந்தும் குண்டு வயித்துல. இதுக்கு 25 எக்ஸ் என்ன பண்ணும்? தப்பைப் பெரிசாக் காட்டும்.

*

எதிர்க்கட்சிக்காரங்க என்னென்ன சொல்வாங்கன்னு தெரியும். ஒவ்வொண்ணாப் பார்த்துடுவோம்.

"25 இருந்தா குறைச்சு வெச்சுக்கலாமே, 9 எக்ஸைக் கூட்ட முடியுமா?"

குறைச்சு வெச்சுக்கலாம். வெச்சுக்க மாட்டீங்க, நானும் வெச்சுக்கலை. மானைப் பார்த்ததும் கை தானா கடைசி வரைக்கும் திருகும். இன்னொண்ணு, மலிவு விலை ஸ்கோப்கள்ல பெரும்பாலும் குறுக்குக் கோடு ரெண்டாவது ஃபோகல் ப்ளேன்ல இருக்கும். அதுல கோட்டுல இருக்கற அளவுக் குறிகள் ஒரே ஒரு ஜூம்லதான் சரியா இருக்கும், வழக்கமா அதிகபட்ச ஜூம்ல. 24-லேர்ந்து 12-க்கு இறக்கினா ஒவ்வொரு குறியும் ரெண்டு மடங்கு அளவு காட்டும். அவசரத்துல இதை மறந்தா அம்பேல். முதல் ஃபோகல் ப்ளேன் வாங்கினா அந்தத் தொல்லை இல்லை, ஆனா குறைஞ்ச ஜூம்ல கோடு நூல் மாதிரி மெலிஞ்சு, அந்தி நேரத்துல கண்ணுக்கே தெரியாது. போதாததுக்கு எடை. 5-25 வகையறாவுல பல ஸ்கோப் ஒரு கிலோவைத் தொடும். 3-9 அதுல பாதிகூட வராது. நாள் முழுக்க தோள்ல சுமந்து பாருங்க, தெரியும்.

"ராணுவ ஸ்னைப்பர்கள் எல்லாம் 25 எக்ஸ் வெச்சிருக்காங்களே?"

இப்போ சில பேர் வெச்சிருக்காங்க, உண்மைதான். ஆனா 1988-ல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கிட்ட எம்24 ரைஃபிள்ல இருந்தது ஃபிக்ஸட் 10 எக்ஸ். 1967-ல் வியட்நாம்ல கார்லோஸ் ஹாத்காக் 2,500 கஜத்துல சுட்டு வெச்ச சாதனை 2002 வரைக்கும் நின்னுது. அவர் கண் முன்னாடி இருந்தது 8 எக்ஸ். அதையும் விடுங்க. ஸ்னைப்பர் பக்கத்துல காத்தைப் படிக்கறதுக்குன்னே ஒரு ஆள் படுத்திருப்பார். முக்கியமா, போர்ல முதல் குண்டு தப்பினா அடுத்ததைச் சரி பண்ணிக்கலாம். மானுக்கு அந்தக் கணக்கு கிடையாது. தப்பின குண்டு வயித்துலயோ தாடையிலயோ போய் உட்கார்ந்திருக்கும்.

"காகிதம் சுடறவங்க 40 எக்ஸ்கூட வெச்சிருக்காங்களே?"

தாராளமா வெச்சுக்கட்டும்! காகிதம் நகராது, தூரம் முன்கூட்டியே தெரியும், கீழே பலமான ஸ்டாண்ட் இருக்கும், கானலைப் பார்த்தே காத்தைப் படிப்பாங்க. அந்தப் பெரிய ஜூமுக்கு அங்கே வேலை இருக்கு. வயல்ல ப்ரெய்ரி டாக் மாதிரி சின்ன உருப்படியைச் சுடறவங்களுக்கும் ஓரளவு நியாயம் உண்டு. என் சண்டை அவங்களோட இல்லை. காகிதத்துக்கு வாங்க வேண்டியதை உயிருக்கு முன்னாடி கொண்டுபோய் நீட்டறவங்களோடதான்.

"கொம்பு எவ்வளவு நீளம்னு பார்க்கணும் இல்லையா?"

அதுக்குப் பேர் பைனாகுலர். 8 எக்ஸோ 10 எக்ஸோ, கழுத்துல தொங்கட்டும். ஸ்கோப்பை வெச்சு "அங்கே என்ன தெரியுது"ன்னு பார்க்கறவன், என்னன்னே தெரியாத ஒண்ணு மேல துப்பாக்கியை நீட்டறான்னு அர்த்தம். அது மானா இருக்கலாம், இன்னொரு வேட்டைக்காரரோட ஆரஞ்சு கோட்டா இருக்கலாம். ஹன்டர் எஜுகேஷன்ல முதல் நாளே சொல்லித் தர்ற பாடம் இது. அந்தப் பெரிய நம்பர் ஜனங்களை இந்தக் கெட்ட பழக்கத்துக்கு இழுக்குது பாருங்க, அதுதான் எனக்கு அதிக பயம்.

*

உண்மையான வியாதி ஸ்கோப்ல இல்லை. கிட்டே போக சோம்பேறித்தனம். அதுக்கு வெச்ச ஸ்டைலான பேர்தான் லாங் ரேஞ்ச் ஹன்டிங். தியடோர் ரூஸ்வெல்ட் 1887-ல் ஆரம்பிச்ச பூன் அண்ட் க்ராக்கெட் க்ளப் இன்னைக்கும் இருக்கு. நேர்மையான வேட்டைன்னா என்னன்னு பேசிக்கிட்டே இருக்கற அமைப்பு. எவ்வளவு தூரத்துலேர்ந்து சுட முடியும்னு கருவியைச் சோதிச்சுப் பார்க்கறதுக்காக உயிருள்ள மிருகத்தைச் சுட்டா அது வேட்டையே இல்லைங்கறது அவங்க நிலைப்பாடு. என் நிலைப்பாடும் அதுதான். அவங்க நாசூக்காச் சொல்றாங்க, நான் கத்திச் சொல்றேன்.

நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரையும் சொல்லிடறேன். கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர், ஜவளகிரி காட்டுல ஆட்கொல்லிப் புலியைத் தேடி அலைஞ்சவர். அவர் கையில இருந்தது .405 வின்செஸ்டர். ஸ்கோப்பும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மரத்து மேலயும் பாறை இடுக்குலயும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, கிட்டே வரவிட்டுச் சுட்டவர். நான் அவரைப் போல புலிக்கு எதிரே நில்லுங்கன்னு சொல்லலை. ஓடைக்குள்ளே இருபது நிமிஷம் குனிஞ்சு நடங்கங்கறேன்.

சரி, எதைத்தான் வாங்கறது? காட்டுக்குள்ளே 100 கஜத்துக்கு உள்ளே சுடற இடம்னா 2-7 இல்லைன்னா 3-9 போதும். வயோமிங் மாதிரி திறந்தவெளின்னா 3-9, மிஞ்சிப்போனா 2.5-10. அதுக்கு மேல போடற காசை நல்ல கண்ணாடிக்குப் போடுங்க. ஒரே விலையில 24 எக்ஸும் 9 எக்ஸும் இருந்தா, 9 எக்ஸ்ல கண்ணாடி நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். நடக்கறப்போ எப்பவும் குறைஞ்ச ஜூம்லயே வெச்சுக்குங்க, அஞ்சடி முன்னால மான் எழுந்து ஓடினாலும் தெரியும். படுத்துச் சுட நேரம் கிடைச்சா 6 வரைக்கும் திருகுங்க. தோள் மடிப்பு எங்கேன்னு 9 எக்ஸ்லயும் தெரியலையா? ஸ்கோப் மேல தப்பில்லை. நீங்க தூரமா இருக்கீங்க. எழுந்து நடங்க. நடக்க வழி இல்லையா? சுடாதீங்க. அன்னைக்கு மானுக்கு அதிர்ஷ்டம், உங்களுக்குக் காலாற ஒரு நடை.

ஜூமைக் கூட்டினா மான் கிட்டே வர்றதில்லை. கிட்டே வந்த மாதிரி ஒரு நம்பிக்கை மட்டும் வருது. அந்த நம்பிக்கைதான் விரலை இழுக்க வைக்குது.

என் 6-24 இன்னும் இருக்கு. காகிதம் சுடற ரைஃபிள் மேல மாட்டியிருக்கேன், அங்கே சமத்தா இருக்கு. வேட்டை ரைஃபிள் மேல ஒரு பழைய ஃபிக்ஸட் 6 எக்ஸ். அதுக்கப்புறம் நான் சுட்ட எந்த மானும் 200 கஜத்தைத் தாண்டினதில்லை. எதையும் ராத்திரியில தேடி அலையவும் இல்லை.

நண்பருக்கு இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பறேன். 5-25 வாங்கினாலும் கோவிச்சுக்க மாட்டேன் பாஸ். ஆனா முதல் தடவை வேட்டைக்கு என்னோடதான் வரணும். ஸ்கோப்பை 6-ல வெச்சு டேப் ஒட்டிடுவேன், சொல்லிட்டேன்.

மத்தவங்க திட்டறதா இருந்தா பின்னூட்டத்துல திட்டுங்க. 600 கஜத்துல மான் விழுந்த கதையைச் சொல்றவங்க, விழாம ஓடின கதையையும் சேர்த்துச் சொல்லணும். அதான் கண்டிஷன்.